எங்கட ஆக்கள் இல்லாத ஹோட்டல்

ஹோட்டல் அறையைத் துப்பரவாக்குபவளிடம் எதையும் மறைக்க முடியாது. இருபத்திரண்டு வருடமாக நான் செய்கிற வேலை இது. கட்டிலைப் பார்த்தே புருஷன் பெண்சாதிக்குள் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவேன். குப்பைக்கூடையைப் பார்த்தால் ஆளின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். வீட்டிலும் இந்தப் புத்தி என்னை விடுவதில்லை. "நீர் சி.ஐ.டி. வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஆள்" என்று என் கணவர் மகேஸ்வரன் அடிக்கடி சொல்வார்.

அதனால்தான் மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவிலிருந்து அக்கா ஃபோன் எடுத்தபோதே எனக்கு ஏதோ இடித்தது.

"ஜெயந்தி, மே மாசம் நானும் அத்தானும் உங்கட பக்கம் வாறம். பேசிலில இருந்து ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் றைன் ஆத்தில கப்பல். எட்டு நாள்."

நான் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் அந்தச் சந்தோசம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"கப்பலுக்கு முதல் ரெண்டு நாள் சூரிச்சில நிண்டு களைப்பாற வேணும். நல்ல ஹோட்டல் ஒண்டு பாத்துச் சொல்லு."

ஹோட்டலா? ஷ்லீரனில் சொந்தத் தங்கச்சியின் வீடு இருக்கிறது. சூரிச் பெரிய ஸ்டேசனிலிருந்து றயிலில் பத்து நிமிடம். மகள் மதுஜா லவுசானுக்குப் படிக்கப் போனபின் அவளுடைய அறை சும்மாதான் கிடக்கிறது. சொந்தம் இருக்கிற ஊரில் எங்கள் ஆட்கள் யாராவது ஹோட்டலில் தங்குவார்களா? தங்கினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒன்றில் சண்டை, இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை.

"ஏனக்கா, எங்கட வீடு என்னத்துக்கு இருக்கு?"

"உங்களுக்கேன் கரைச்சல்? ரெண்டு பேரும் வேலைக்குப் போறனீங்கள். அத்தானும் நித்திரையில்லாமல் எழும்பி எழும்பி நடப்பார்."

"நடந்தால் நடக்கட்டும். ஆர் வேண்டாமெண்டது?"

அக்கா கேள்விகளைத்தான் அடுக்கினாள். "பாத்றூம் அறைக்குள்ளதானே? கட்டிலுக்குக் கிட்டவோ? குளிக்கிற தொட்டி இருக்கோ? பெட்சீட் ஒவ்வொரு நாளும் மாத்துவினமோ?"

ஸ்டேசன் பக்கம் இரைச்சல் அதிகம், விமான நிலையத்துப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை, ஓர்லிக்கோன் பக்கம் அமைதி என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கட ஆக்கள் வேலை செய்யாத ஹோட்டலாப் பார், என்ன."

அந்த வார்த்தை மீன்முள்ளாகக் குத்தியது. எங்கட ஆக்கள் என்றால் யார்? வாளியும் துடைப்பமுமாக நிற்கிற நான்தானே? நான் ஹோட்டலில் வேலை செய்கிறேன் என்று அக்காவுக்குத் தெரியும். எந்த ஹோட்டல் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

உடனேயே முடிவெடுத்தேன். ஓர்லிக்கோனில் நான் வேலை செய்யும் ஹோட்டலிலேயே அவர்களுக்கு அறை பதிந்தேன். அங்கே எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை என்று அக்காவுக்குச் சொன்னேன். என்னைத் தவிர்த்தால் அது உண்மைதான்.

"என்ர கண்ணுக்கு முன்னால இருந்தால்தான் என்ன விசயமெண்டு பிடிபடும்" என்றேன் மகேஸ்வரனிடம்.

"பாவம், கப்பல் பாக்க வாற சனத்தைக் கூட்டில அடைச்சு வைச்சுப் பாக்கப் போறீர்" என்றார் அவர்.

அவருக்குப் பகிடி. அம்மாவும் அப்பாவும் போனபின் பிறந்த வீடு என்று எனக்கு மிஞ்சியது அக்கா ஒருத்திதான். அவளுக்கு என் வீடு பிடிக்கவில்லையா, என்னையே பிடிக்கவில்லையா என்பது எனக்குத் தெரிய வேண்டும். என்னைத்தான் பிடிக்கவில்லை என்றால் பேசிலுக்கு வழியனுப்பவும் போவதில்லை, இனிக் கனடாவுக்கு ஃபோனும் இல்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

என் சந்தேகமெல்லாம் அத்தான் மேல்தான். அரசரத்தினம் என்றால் அந்தக் காலத்தில் வங்கி மனேஜர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் மதுஜா பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு வந்தவர், எங்கள் சோபா செற்றியைக் கைக்குட்டையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் இருந்தார். அதை அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வந்து சேர்ந்தார்கள். நான்காம் மாடியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அவர்கள் மின்தூக்கியால் வெளியே வருவது தெரிந்ததும் துவாய், விரிப்பு அடுக்கும் அறைக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒளித்துப் பிடித்து விளையாட்டு. கதவு சாத்திய அடுத்த நிமிடம், 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டை அவர்கள் கைப்பிடியில் தொங்கியது. அன்று முழுக்க அது அசையவில்லை. அப்படி என்ன இருக்கிறது உள்ளே?

பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். நண்டுக்கறி, கணவாய்ப் பொரியல், புட்டு என்று நான் பார்த்துப் பார்த்துச் சமைத்திருந்தேன். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். அத்தான் சிரித்தார். ஆனால் போட்டிருந்த நீளக் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. மே மாதம், வீட்டுக்குள்ளே வெக்கை. கழற்றித் தாருங்கள் என்று நான் கையை நீட்டியும் அவர் தரவில்லை.

"செற்றியில இருங்கோ அத்தான்."

"இல்லைப் பிள்ளை, எனக்கு இது சுகம்" என்று குசினிக்குள் இருந்த மரக்கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். போனமுறை கைக்குட்டையாவது தட்டினார். இந்தமுறை செற்றிக்குக் கிட்டவும் போகவில்லை.

தேத்தண்ணி கொடுத்தேன், வேண்டாம். ஜூஸ், அதுவும் வேண்டாம். சாப்பாட்டில் இரண்டு கரண்டி புட்டைக் கொறித்தார், ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒருவர் வீட்டில் தண்ணீரும் குடிக்காமல் போவது என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போதாக்குறைக்கு அத்தான் கழிப்பறைக்குப் போய்வந்த கையோடு அக்காவும் உள்ளே போனாள். குழாய் நெடுநேரம் ஓடியது. என் பாத்றூமை அவள் கழுவுகிறாள்! நான் விடிய எழும்பி மினுக்கி வைத்த பாத்றூமை!

ஒன்றேகால் மணித்தியாலத்தில் எழும்பிவிட்டார்கள். "ஞாயிறு நான் பேசிலுக்குக் காரில கொண்டுபோய் விடுறன்" என்றார் மகேஸ்வரன். "வேண்டாம், றயில்தான் வசதி" என்றாள் அக்கா. எங்கள் காரும் ஆகாதாம்.

அவர்கள் போனபின் பாத்திரங்களை அடித்துக் கழுவினேன். "இனி அவவுக்கும் எனக்கும் ஒண்டுமில்லை. சரியோ?"

"நீர் எல்லாத்தையும் துருவித் துருவிப் பாக்கிறீர்."

"கண்ணுக்கு முன்னால நடந்ததைத்தானே பாத்தனான்!"

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் ஏரிப்பக்கம் புறப்பட்டுப் போனார்கள். கைப்பிடியைப் பார்த்தேன். அட்டை இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். எங்களைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு இந்த அறையில் அத்தாட்சி இருக்கும் என்று நம்பினேன். சத்தியமாக அதைத் தேடித்தான் போனேன்.

முதலில் மூக்கில் அடித்தது டெற்றோல் மணம். குளியலறைத் தொட்டிக்கு மேல் பெரிய கட்டில் விரிப்பு கழுவித் தொங்கியது. ஹெயார் டிரையரைக் கழற்றி விரிப்பின் நடுப்பகுதியைக் காயவைக்கப் பார்த்திருக்கிறார்கள். கட்டிலில் மிச்ச விரிப்பை இழுத்துச் சரிசெய்து, அதன் கீழே பச்சை நிற ரப்பர் விரிப்பு ஒன்று போட்டிருந்தார்கள். பிள்ளைப்பேறு வீடுகளில் போடுகிறது மாதிரியானது. கனடாவிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

தலையணைக்கு மேல் ஒரு துண்டுக் கடதாசி. ஆங்கிலத்தில், அக்காவின் உருண்டை உருண்டையான எழுத்து. 'கட்டிலுக்கு மன்னிக்கவும். என் கணவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தபின் அவரால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. விரிப்பை நானே கழுவியிருக்கிறேன். தயவுசெய்து யாரிடமும் சொல்லவேண்டாம்.'

நான் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன். வேலை நேரத்தில் கட்டிலில் இருக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். அந்தக் கறுப்புக் கோட்டு, மரக்கதிரை, குடிக்காத தண்ணீர், ஓடிக்கொண்டிருந்த குழாய் எல்லாம் நினைவுக்கு வந்தன. கழிப்பறை இருக்கிற றயிலும்தான்.

முதலில் எனக்கு வந்தது இரக்கம் என்று எழுதினால் அது பொய். என் செற்றியைத் தட்டிவிட்டு இருந்த மனிதருக்கா இந்த நிலை என்று ஒரு நொடி உள்ளுக்குள் குளிர்ந்தது. அடுத்த நொடி என்னை நினைக்க எனக்கே கூசியது. அக்காவுக்கு அறுபத்தொரு வயது, இரண்டு முழங்காலும் சரியில்லை. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் முட்டுக்காலில் நின்று, ஈரத்தில் கனக்கிற விரிப்பைத் தனியாகப் பிழிந்திருக்கிறாள். சொந்தத் தங்கச்சி இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? அதற்கும் பதில் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் மகேஸ்வரனுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கே தெரியும். என் வாயைப் பற்றி அக்காவுக்குத் தெரியாததா? அவளுக்கு முகம் தெரியாத ஒரு வேலைக்காரியின் முன்னால் வெட்கப்படுவது சுலபமாக இருந்திருக்கிறது. நான் அழுதேன். பிறகு எழும்பி வேலையைப் பார்த்தேன்.

மெத்தைக்கு ஈரம் இறங்காத உறை போட்டு, அதற்கு மேல் இரண்டு விரிப்பு இறுக்கிப் போட்டேன். அலுமாரிக்குள் மாற்று விரிப்பு நாலும் துவாய் எட்டும் வைத்தேன். கழுவின விரிப்பை மற்றவர்கள் கண்ணில் படாமல் சலவைப் பையின் அடியில் திணித்தேன். அக்காவின் கடிதத்துக்குக் கீழே, என் எழுத்துத் தெரியாமல் இருக்க இடது கையால் 'கைன் புரோப்ளேம்' என்று ஜெர்மனில் எழுதினேன். பிரச்சினையில்லை என்பது அவளுக்கு விளங்கும்.

பின்னேரம் அக்கா ஃபோன் எடுத்தாள். குரலில் சிரிப்பு இருந்தது. "நல்ல ஹோட்டல் பாத்துத் தந்தாய் பிள்ளை. அறை துப்பரவாக்கிறவ தங்கமான மனுசி."

"ஆரோ போர்த்துக்கல்காரியா இருக்கும்" என்றேன். "நாளைக்கு நாங்களும் உங்களோட றயிலில பேசிலுக்கு வாறம்."

மகேஸ்வரன் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் இது முதல்தரம்.

ஞாயிறு காலை பேசில் றயிலில் மகேஸ்வரன் மாடித்தட்டுக்கு ஏறப் பார்த்தார். "மேல இருந்தால் வடிவாப் பாக்கலாம்."

"எனக்குத் தலை சுத்தும்" என்று, கீழே கழிப்பறைக்கு அடுத்திருந்த நாலு இருக்கைகளையும் பிடித்தேன். அத்தானை நடைவழிக் கரையில் இருத்தினேன். பேசில் ஸ்டேசனில் மகேஸ்வரன் நாலு கோப்பி வாங்கிக்கொண்டு வந்தார். "அண்ணை, அண்டைக்கும் ஒண்டும் குடிக்கேல்லை. இதையாவது குடியுங்கோ."

"அவரை விடுங்கோ!" என்று பாய்ந்தேன். "வேண்டாமெண்டால் வேண்டாம். எனக்கு ரெண்டு கோப்பி வேணும், கொண்டாங்கோ."

அத்தான் நிம்மதியாகத் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் எடுக்கவேயில்லை.

ஆற்றுத்துறையில் வெள்ளைக் கப்பல் நின்றது. ஆண்கள் இருவரும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அறை துப்பரவாக்கினது நீதானே?"

"எந்த அறை?"

"ஜெயந்தி, அவருக்குத் தெரிஞ்சால் உடைஞ்சு போவார்."

"என்ன தெரிஞ்சால்? எனக்கு ஒண்டும் தெரியாதக்கா."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. துடைக்காமல் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படியில் அத்தான் திரும்பி, வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

"ஆம்ஸ்டர்டாமில இருந்து நேர கனடாவுக்குத்தான் டிக்கெட்" என்றாள். "மாத்தலாமோ தெரியாது. திரும்ப சூரிச்சால போகலாமெண்டு நினைக்கிறன்." பிறகு கேட்டாள்: "மதுஜான்ர அறையில கட்டிலுக்குக் கிட்டவோ பாத்றூம்?"

"ஆறே எட்டுத்தான், அக்கா" என்றேன். "நேற்று நடந்து பாத்தனான்."