வீப்ரனின் குப்பி

ஆய்வாளர் யில்டோ உருவாக்கிய நுண்துகள்கள் சிறுநீரில் ஒரு குறிப்பிட்ட நொதி இருந்தால் மட்டுமே பச்சையாக ஒளிரும். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது கசிகிற நொதி அது. நோயாளிகளின் மாதிரிகளோடு ஒப்பிட, குரோனிங்கன் நகர ஆய்வகத்தில் எல்லோரும் செய்வதுபோல அவளும் ஆரோக்கியமான ஆளை வீட்டிலேயே பிடித்தாள். கணவன் வீப்ரனைத்தான்.

அவன் சிறுநீர்க் குப்பிதான் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று ஒளிர்ந்தது.

வீப்ரனின் அப்பா சிறுநீரகம் கெட்டுத்தான் இறந்தார். யில்டோ குப்பியை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தாள்.

பக்கத்து மேசை ஔக்யே எட்டிப் பார்த்தாள். "துகள் போடாம வெறுமனே வெச்சுப் பாத்தியா?"

அந்தப் படியை அவசரத்தில் விட்டிருந்தாள். இப்போது வைத்தாள். துகள் இல்லாமலும் அதே பச்சை, அதே அளவு.

"அப்ப நொதி இல்லடி. வைட்டமின் மாத்திரை போடுற ஆளு. பி2 இப்படித்தான் மின்னும்."

"அவனா? நான் வாங்கி வெச்சதைக் கோழித் தீவனம்னு கிண்டல் பண்றவன்!"

உடனே அவனுக்குப் போன் செய்தாள். "தினமும் வைட்டமின் போடுறியா?"

"யாரு சொன்னது?"

"உன் குப்பி."

"நீ கிளம்பினதும் ஒண்ணு போட்டுக்குவேன். அப்பா மாதிரி எனக்கும் ஆயிடுமோன்னு நீ பயப்படுறது தெரியாதா? ஒத்துக்கிட்டா அடுத்து மீன் எண்ணெயையும் ஊட்டுவியே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ஒரு வாரம் நிறுத்திட்டு இன்னொரு குப்பி குடு. அப்புறம் என் முன்னாலயே போடு."