நெருப்புப் பல்லியின் தலை

அலுவலகத்தில் அவர் உதவி மேற்பார்வையாளர். பாதாள விளையாட்டில் தளபதி. இந்த இரண்டாவது பட்டத்தை வழங்கியவர் அவரேதான். விடுமுறை நாளென்றால் சோபாவின் நடுவில் அவர், இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் மனைவியின் தம்பி, ஆளுக்கொரு கைப்பேசி.

அந்தப் பாதாளத்தில் கொன்ற பிராணிதான் சாப்பாடு. பதப்படுத்தாவிட்டால் அடுத்த தளம் இறங்குவதற்குள் அழுகிவிடும். மைத்துனன் வாளைத் தொடமாட்டான். தளபதி வெட்டிச் சாய்த்ததை அறுத்து, கழுவி, உப்புத் தடவி ஜாடியில் அடைப்பான். புகழ் முழுக்க ஜாடிக்குத்தான்.

"என் தம்பி கை பட்டா பாம்புகூடப் பலகாரம்தான்" என்பாள் மனைவி.

"பாம்பக் கொன்னது யாராம்?"

"கொல்றதென்ன, கொசுவக்கூடத்தான் கொல்றீங்க."

தளபதிக்கு வயிறு எரிந்தது. அதிலும், கடைசிக் கதவு இரண்டு பேரைத்தான் உள்ளே விடும்.

"யாரோட போறதா உத்தேசம்?" சும்மா கேட்பதுபோல்தான் கேட்டார்.

"யார் சாப்பாடு கெடாம இருக்கோ, அவங்களோட."

உடனே ஒரு நெருப்புப் பல்லியைக் கொன்று, தாமே உப்புப் போட இறங்கினார்.

"மாமா, மொதல்ல தலைய எடுத்துருங்க. தொண்டையில நெருப்புப் பை இருக்கு, வெடிச்சிரும்."

"எனக்கே பாடமா மாப்ளே?"

தலையை எடுத்துவிட்டால் கொன்றது பல்லியா பன்றியா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பல் தெரிய வேண்டும். நெற்றியில் தம் வெட்டு தெரிய வேண்டும். தலையோடு உப்பில் புரட்டி, மைத்துனனின் ஜாடிகள் இருந்த பெட்டியிலேயே, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

பெட்டி வெடித்தது. பல்லி கரிக்கட்டை. ஜாடிகள் சுக்குநூறு. வருத்தம் வருவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. "அடடா, உன்னோடதும் போச்சா மாப்ளே!"

மனைவி சாம்பலைக் கிளறி, தம்பி உப்புப் போட்ட துண்டு ஒன்றை எடுத்துத் தின்றாள். திரையில் எழுத்து மின்னியது: புகையேறிய இறைச்சி, பலம் இரட்டிப்பு.

"டேய், முன்னவிட இப்பதான்டா பிரமாதம்!"

"மாமா வச்ச தீதான்க்கா அது" என்றான் தம்பி. "ரொம்ப தேங்க்ஸ் மாமா." குரலில் துளி கிண்டல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அக்காவும் தம்பியும் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது. "பின்னாடி பாருக்கா!" "குனிடா எரும!" என்று இரண்டு காதிலும் கூச்சல். தளபதியின் திரையில் வெறும் சுவர். கொஞ்ச நேரம் அதை வெட்டினார்.