விளிம்பைப் பிடி

பழைய நாணயங்கள் விற்கும் கடைக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, அவர் மனைவி போன் போட்டுத் தையல்காரரைக் கடைக்கு வரச் சொன்னார். இருபது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்துபோன வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். அவர்களுக்குள் பேச்சென்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. தையல்காரர் ஒரு காசைக் கையில் எடுத்தால் போதும், "விளிம்பைப் பிடிய்யா, காசு மூஞ்சியில கை வைக்காத, ரேகை பதிஞ்சிரும்" என்று கடைக்காரர் எரிந்து விழுவார். ஒண்டிக்கட்டையான தையல்காரரை அப்படி உரிமையோடு திட்ட உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

"உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தாருண்ணே," என்று அந்த அம்மாள் ஒரு டப்பாவைத் திறந்தார். "ஒரே கறுப்பா கெடந்துச்சு. நாந்தான் பல்பொடி போட்டுத் தேய்ச்சு வச்சேன்."

பன்னிரண்டு வெள்ளிக் காசுகளும் புது எவர்சில்வர் கரண்டி மாதிரி பளபளத்தன. அவற்றின் மதிப்பே அந்த நூறு வருடக் கறுப்பில்தான் இருந்தது. கடைக்காரர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

"நல்லாத் தேய்ச்சிருக்கீங்கம்மா," என்றார் தையல்காரர். மூடியில் கடைக்காரர் எழுதி ஒட்டியிருந்த விலையை அப்படியே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு காசை எடுத்தார். பழக்கதோஷத்தில் விரல்கள் விளிம்பைத்தான் பிடித்தன. பிறகு வேண்டுமென்றே கட்டைவிரலை அதன் நட்டநடுவில் வைத்து அழுத்தினார். ரேகை பளிச்சென்று பதிந்தது.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். யாரும் திட்டவில்லை.