அடுத்த அறையில் கூட்டம்

கதவு நிற்க மறுத்தது. திறந்துவைத்தால் தானாக வந்து சாத்திக்கொண்டது. அலமாரியிலிருந்து தடித்த அகராதி ஒன்றை உருவி அவர் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். கட்டிலிலிருந்து மனைவியின் கண்கள் அவர்மேல் வந்து நின்றன. ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூட நேற்றிலிருந்து அசையாத தலை, இப்போது மெல்ல இடமும் வலமும் ஆடியது.

“சரி, சரி. மொறைக்காத.”

அகராதியைத் துண்டால் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கதவு நின்றது. அவள் கண்ணை அவரிடமிருந்து எடுத்துக் கூடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். மாதக் கடைசி ஞாயிறு என்றால் இந்த வீட்டில் புத்தகக் கூட்டம். மருந்துக்கடையை அரைநாள் சாத்திவிட்டு அவள் தொடங்கியது. ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு சண்டை போடுவார்கள். நாவல்தான், கவிதைதான் என்றில்லை. அச்சில் வந்த எதுவானாலும் சரி. ரயில் கால அட்டவணையைப் பற்றிப் பேசி ஒருவர் எல்லாரையும் அழவைத்ததுண்டு. படிக்காமல் பேச வந்த பேராசிரியர் ஒருவரை அவள் பாதியிலேயே உட்காரவைத்ததும் உண்டு. இதெல்லாம் அவருக்குச் சொல்லக் கேள்விதான். பெரும்பாலும் லாரி ஓட்டிக்கொண்டு எங்காவது போய்க்கொண்டிருப்பார். ஊரில் இருந்தால் சமையலறையில் டீ போடுவார்.

காலையில் வந்த நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு, “இன்னிக்குத் தாண்டினாப் பெருசு சார்” என்று வாசலில் நின்று சொன்னாள். கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று அவர் உள்ளே வந்து கேட்டதும் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பிடிக்காத பேச்சுக்கு அவளுடைய பதில் எப்போதும் அதுதான்.

இன்று பேசப்போவது மகள்.

பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, “உனக்கு நாங்க முக்கியமா, புத்தகம் முக்கியமா?” என்று எல்லார் முன்னாலும் தாயைக் கேட்டுவிட்டு உள்ளே போனவள். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவள் உட்காரவில்லை. தாயும் கூப்பிடவில்லை. படித்துப் பல் டாக்டரானாள், தனி வீட்டுக்குப் போனாள், வருவாள், போவாள். போன வாரம் கட்டிலோரம் உட்கார்ந்து தாய்க்கு நகம் வெட்டிவிடும்போது, தலையைத் தூக்காமலே, “இந்த மாசம் நான் பேசட்டாம்மா?” என்றாள்.

கேட்டுவிட்டு அடுத்த விரலுக்குப் போனாள். கடைசி விரலும் முடிந்த பிறகு மனைவி சொன்னாள்: “படிச்சிட்டு வா.”

அவ்வளவுதான். 

கூடத்தில் தையற்கடைக்காரர் ஆரம்பித்தார். “எல்லாரையும் வாயத் தொறங்கன்னு சொல்ற டாக்டரம்மா, இன்னிக்குத்தான் நம்ம முன்னாடி வாயத் தொறக்கிறாங்க. வலிக்காமப் பாத்துக்கம்மா!”

சிரிப்பு அடங்குவதற்குள் மகள் பேசத் தொடங்கிவிட்டாள். கையில் இருந்தது பழைய புத்தகக்கடையில் தாய்க்கு எப்போதோ கிடைத்த, பல் பராமரிப்பு பற்றிய மெல்லிய புத்தகம். எழுதியவரை யாருக்கும் தெரியாது. மட்டமான தாள். “பல் வலிக்கும்போது மாமியாரோடு பேசாதிருப்பது நலம்” என்று அதிலிருந்து படித்தாள். சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. அந்தச் சின்னக் கூடத்துக்கு அவ்வளவு உரக்கப் பேச வேண்டியதில்லை. எதற்காக அப்படிப் பேசுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கூடத்தில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரும் மெதுவாகப் பேசச் சொல்லவில்லை.

மனைவியின் உதடு அசைந்தது. அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

“பின்னட்டை… விளம்பரம்… விட்டுட்டா.”

“இன்னும் முடிக்கலடி. பொறு.”

மச்சினி கட்டிலின் மறுபக்கம் அக்காவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

“மாமா, மூச்சப் பாருங்க.”

பார்த்தார். ஒன்று வந்து, நெடுநேரம் கழித்து இன்னொன்று வந்தது.

“அவளக் கூப்பிடுங்க மாமா.”

அவர் மனைவியின் போர்வையைச் சரிசெய்தார்.

“மாமா, பெத்த பொண்ணு. நாளைக்கு உங்களக் கேப்பா. என்ன பதில் சொல்வீங்க?”

“தெரியல.”

“அப்ப நான் போய்க் கூப்பிடறேன்.”

“உக்காரு,” என்றார். வேறு யாருடைய குரலோ போல் இருந்தது அவருக்கே. “உங்கக்கா யாரு பேச்சக் கேட்டுட்டிருக்கான்னு பாரு.”

மச்சினி பார்த்தாள். மனைவியின் முகம் முழுவதும் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. கூப்பிட்டால் மகள் பாதி வாக்கியத்தில் ஓடிவருவாள். கூப்பிடாவிட்டால் இந்த ஒரு கேள்வியோடுதான் அவர் இனி இருக்கும் காலமெல்லாம் அவள் எதிரில் உட்கார வேண்டும். மச்சினி மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இந்தப் பின்னட்டையத்தான் கடைசிக்குன்னு வச்சிருந்தேன்,” என்றாள் மகள். “எங்கம்மா இந்நேரம் ‘விட்டுட்டா’ன்னு சொல்லியிருப்பாங்க.” மறுபடியும் சிரிப்பு. “எதுக்கு விளம்பரம் தெரியுமா? மூக்குக்கண்ணாடிக்கு. அப்ப இத அச்சடிச்சவருக்குத் தெரிஞ்சிருக்கு, பல்லு போன வயசுலயும் ஒருத்தர் இதப் படிப்பாருன்னு. ஒருத்தர் அச்செழுத்தக் கோத்து, ஒருத்தர் தைச்சு, ஒருத்தர் தலையில சொமந்து, எங்கயோ ஒரு வீட்டுல ஒருத்தர் வெளிச்சத்துக்கு நேரா இதத் தூக்கிப் பிடிச்சிருக்காரு. ஒருத்தருக்கு ஒருத்தர் மொகம் தெரியாது. சின்ன வயசுல எனக்கு இது புரியல. இந்தக் கூடத்துக்கு வர்றவங்கள எங்கம்மாவுக்கு எதுக்கு இவ்வளவு புடிக்கும்னும் புரியல.”

மனைவியின் புருவம் லேசாக உயர்ந்தது. மருந்துக்கடையில் யாராவது அவள் எதிர்பார்க்காததைச் சரியாகச் சொல்லிவிட்டால் உயருமே, அப்படி. அடுத்த மூச்சுக்காக அவர் காத்திருந்தார். மச்சினியும் காத்திருந்தாள். கூடத்தில் மகளின் குரல் ஏறி, இறங்கி, முடிந்தது. கைதட்டல் எழுந்தது. அது ஓய வெகுநேரமாயிற்று.

மச்சினி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் மனைவியின் கண்களை மூடிவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கதவருகே போய் நின்றார்.

மகள் அவரைப் பார்த்தாள். மேசையிலிருந்த புத்தகத்தைக் கையில் எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

முன்வரிசையில் தையற்கடைக்காரர் எதையும் கவனிக்காமல் எழுந்துவிட்டிருந்தார். “டாக்டரம்மா, பேச்சு பிரமாதம். ஆனா ஒரு சந்தேகம். கேக்கலாமா?”

அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையசைக்கவும் இல்லை, பார்வையை விலக்கவும் இல்லை. இப்படி நிமிர்ந்து அவர் நின்று அவள் பார்த்ததில்லை.

“கேளுங்கண்ணே,” என்றாள்.

தையற்கடைக்காரர் நீளமாகக் கேட்டார். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினாள். குரல் மிகவும் தணிந்திருந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல், முன்னால் வந்து போட்டு உட்கார்ந்தார்கள்.