காண்டாமிருகத்துக்கு நடுவே ஒரு கேன்வாஸ்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தம்பி என் தலையில் கட்டியது. "நாளைக்குச் சாயங்காலம் என் கண்காட்சி திறக்குது. அதுக்குள்ள அம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லியாகணும். எனக்கு வாய் வராதுக்கா. நீ கதையா எழுதிப் பாரு, அவங்க என்ன சொல்லுவாங்கன்னு தெரிஞ்சிடும்" என்றான். எழுத்தாளருக்குத் தம்பியாகப் பிறந்தவனுக்குக் கொழுப்பு கொஞ்சம் அதிகம்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நகரமே உறங்கும் வேளையில் ஒரு கலைஞன் மட்டும்…"

சே. அந்தக் கலைஞன் பகல் பதினொரு மணிவரை உறங்குவது எனக்கல்லவா தெரியும்? அடித்துவிட்டேன்.

2

தம்பி தெருச் சுவர்களில் காண்டாமிருகம் வரைகிறவன். கையெழுத்துப் போடமாட்டான். அம்மா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அந்தக் கடையின் பக்கச் சுவரிலேயே ஒரு நாள் காண்டாமிருகம் முளைத்தது. "எந்தக் கழிசடை பார்த்த வேலை இது? கையில கிடைச்சான்னா விரலை ஒடிச்சிடுவேன்" என்றவள், வெள்ளையடிக்கத் தம்பியையே அனுப்பினாள். அடித்தான்.* கொஞ்ச நாளில் மிருகம் திரும்பி வந்தது, முன்னைவிடக் குண்டாக. அம்மா மறுபடியும் அவனையே அனுப்பினாள்.

(* வெள்ளையடிப்பதில் மகன் கெட்டிக்காரன் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னாள். அவனைப் பற்றி அவள் பெருமையாகச் சொன்னது இதுவரை அது ஒன்றுதான். அவனுக்கு அது இன்னும் வலிக்கிறது.)

3

மிருகங்களைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பியவர்களின் புண்ணியத்தில், ஒரு கேலரிக்காரர் அவனைத் தேடிப் பிடித்தார். [இங்கே கேலரி வர்ணனை வர வேண்டும். வெள்ளைச் சுவர், வழுக்கும் தரை, யாரும் உட்காராத நாற்காலி. போதும்.] சுவரில் பெரிய கேன்வாஸ் ஒன்றை மாட்டி, "உங்க இஷ்டத்துக்கு வரைங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தெருவில் வரைகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுவரில் மீட்டர் பெட்டி இருந்தால் அதைச் செய்தித்தாளால் மூடி ஒட்டிவிட்டுச் சுற்றிலும் வரைவார்கள். பெட்டியில் பெயின்ட் பட்டால் மின்வாரியத்து ஆள் வந்து நிற்பார். தம்பி கேன்வாஸைப் பார்த்தான். பேப்பர் ஒட்டி மூடினான். சுவர் முழுக்க வரைந்தான்.

எழுதும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பாத்திரம் இவ்வளவு மக்காக இருக்கலாமா? போன் போட்டுக் கேட்டேன்.

"கை பாட்டுக்கு ஒட்டிடுச்சுக்கா. பேப்பரைப் பிரிச்சப்பதான், அடடா, இதுலதானே வரையச் சொன்னாருன்னு தோணுச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

"தலையில கை வச்சு உட்கார்ந்துட்டாரு. அப்புறம் எழுந்து தள்ளி நின்னு பார்த்துட்டு, இதுதான் கான்செப்ட்டுன்னுட்டாரு."

4

முடிவுகள்.

அ) அம்மா படத்தைப் பார்க்கிறாள். கண் கலங்குகிறது. "என் ராசா…" [தம்பி படித்துவிட்டு, "இது யாரோட அம்மா?" என்றான். நீக்கம்.]

ஆ) அம்மா விரலை ஒடிக்கிறாள். [சொன்ன சொல் தவறாதவள். பயமாக இருக்கிறது.]

இ) அம்மா அறை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, நடுவிலிருக்கும் வெற்றுக் கேன்வாஸைக் காட்டுகிறாள். "இங்க இது ஒண்ணுதான் சுத்தமா இருக்கு. யாரு பண்ணது?" தம்பி வாயைத் திற

5

வாக்கியம் பாதியில் நிற்பதற்கு மன்னிக்கவும். கடையை அடைத்துவிட்டு அம்மா வந்துவிட்டாள்.

"சாப்பிடாமகூட அப்படி என்னத்தடி எழுதுற? குடு, பார்ப்போம்."

"ஒரு நிமிஷம்மா, கடைசி வரி பாக்கி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். தம்பி கதவுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறான். நான் கொடுக்கத்தான் போகிறேன்.

வாசகரே, இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. இதுவரை வந்துவிட்டீர்கள், இனி உங்கள் பாடு. படம் உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. நாளைக்குச் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வருவாயா, அம்மா?