பன்னிரண்டு வோல்ட் வாத்தியார்

ஹேண்டில்பாரில் பேட்டரியின் வோல்ட் காட்டும் சின்ன மீட்டர். பதினான்கை ஒட்டி நிற்க வேண்டிய சிவப்பு எண் பன்னிரண்டு புள்ளி மூன்றில் நின்றது.

மெக்கானிக் பல்லைக் கடித்தாள். குளிரால் அல்ல.

பைக்கை ஓட்டுவது அவள். பின்னால் அட்டையாக ஒட்டியிருப்பது அவள் கணவன், கணக்கு வாத்தியார். ஆறு வருடம் காத்திருந்த பிறகு, மலை உச்சிப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இன்று காலை ஒன்பதுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு அதிர்ஷ்டம்.

மணி எட்டு இருபது.

ஃபேன் சுற்றினாலே தும்முகிற ஆசாமி அவன். அதனால்தான் அவள் சூடாகும் ஜாக்கெட் ஒன்று வாங்கி, பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, ஃபியூஸ் வைத்து, சீட்டுக்குப் பக்கத்தில் பிளக் கொடுத்திருந்தாள். ஜாக்கெட் மட்டும்தான், வேறு எதையும் மாட்டினால் வண்டி படுத்துவிடும் என்று நூறு முறை படித்துப் படித்துச் சொல்லியுமிருந்தாள்.

பன்னிரண்டு புள்ளி ஒன்று.

"வாத்தியாரே! கரண்ட் எங்கேயோ ஒழுகுது!"

"இங்க ஒண்ணும் ஒழுகலைம்மா! சொகமா இருக்கு!"

அந்தச் 'சொகமா' அவளை உறுத்தியது. ஜாக்கெட் மட்டும் போட்டவன் இடுப்புக்குக் கீழே வெடவெடக்க வேண்டும். இவன் தொடைகளோ இஸ்திரிப் பெட்டி மாதிரி அவள் இடுப்பைச் சுட்டுக்கொண்டிருந்தன.

கேட்க வாயெடுத்தாள். வளைவில் சிவப்புக் கொடி!

ரோடு வேலை. பிரேக். நின்ற இடத்திலேயே எஞ்சின் முனகியது. ஹெட்லைட் மஞ்சளானது. எண்கள் சறுக்கின. படக்கென்று எஞ்சின் அடங்கியது. ஸ்டார்ட்டரை அழுத்தினாள். 'க்ளிக்'. அவ்வளவுதான்.

"இறங்குங்க. பேண்டைத் தூக்குங்க."

"நடு ரோட்லயா?"

கொடிக்காரர் வேலையை மறந்து திரும்பினார். வாத்தியார் பேண்டை முழங்கால் வரை தூக்கினான். சாக்ஸிலிருந்து கறுப்பு வயர் ஒன்று கொடியாக மேலே ஏறியது.

"சூடாகுற சாக்ஸா?"

"ஆமா."

"மேல?"

"உள்ள ஒரு பேண்ட். அதுவும் சூடாகும். கையில கிளவுஸ்."

"நான் போட்ட ஃபியூஸ் போயிருக்கணுமே!"

"ரெண்டு தடவை போச்சு. கொஞ்சம் பெருசா ஒண்ணு போட்டேன்." அவசரமாகச் சேர்த்தான், "கணக்குப் போட்டுத்தாம்மா மாட்டினேன்! வண்டி இருநூறு வாட் குடுக்கும். ஜாக்கெட் அறுபத்தஞ்சு, பேண்ட் நாப்பத்தஞ்சு, கிளவுஸ் இருபத்தஞ்சு, சாக்ஸ் இருபது. மொத்தம் நூத்தி அம்பத்தஞ்சு. மிச்சமே இருக்கு!"

"ஹெட்லைட் எதுல எரியுது? பெட்ரோல் பம்ப் எதுல ஓடுது? உங்க தாத்தா வந்து சுத்துறாரா?"

வாத்தியார் வாய் பிளந்தான். "வண்டியும் சாப்பிடுமா?"

"நூத்தி இருபது வாட் சாப்பிடும்!"

"அப்போ மைனஸ் எழுபத்தஞ்சு!" விடை வந்த சந்தோஷத்தில் அவன் முகம் மலர்ந்தது. திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்புப் பீறிட்டது.

எட்டு முப்பத்தெட்டு. கிக்கர் இல்லாத வண்டி. ஏற்றத்தில் தள்ள முடியாது. அவள் பிளக்கைப் பிடுங்கி எறிந்து, வண்டியை வந்த வழியே திருப்பினாள்.

"ஸ்கூல் அந்தப் பக்கம்மா!"

"தெரியும், ஏறுங்க! அண்ணே, ஒரு தள்ளு!"

கொடிக்காரர் தள்ளினார். வண்டி இறக்கத்தில் உருண்டது. இரண்டாம் கியர், கிளட்ச்சை விட்டாள். ஒரு இருமல். மறுபடி விட்டாள். இன்னொரு இருமல். வளைவு பாய்ந்து வந்தது. மூன்றாவது தடவை எஞ்சின் கர்ஜித்தது! அவளும் கத்தினாள், அவனும் கத்தினான், மேலே கொடிக்காரரும் கத்தினார். திரும்பி ஏறியபோது பச்சைக் கொடியை விசிறினார்: "நிக்காதீங்க! நிக்காதீங்க!"

"ஜாக்கெட்டாவது மாட்டும்மா!"

"இனிமே பேட்டரிதான் சாப்பிடும்!"

பற்கள் தந்தியடிக்க, சூடு பிறக்கட்டும் என்று வாத்தியார் பதினேழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னான். அடுத்த வளைவில் அவளும் சேர்ந்துகொண்டாள். நூற்று எழுபது வருவதற்குள் பள்ளிக்கூட கேட் வந்துவிட்டது.

எட்டு ஐம்பத்தேழு. எஞ்சினை அணைக்காமலே நிறுத்தினாள். அவன் குதித்து ஓடினான். கையிலும் காலிலும் இடுப்பிலும் வயர்கள் தரையில் புரண்டு கூடவே ஓடின.

"டேய், சாருக்கு வாலுடா!"

"ஒண்ணு இல்லடா, நாலஞ்சு!"

தலைமையாசிரியை அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க?"

"க... க... கணக்கு!"

பேனா அவன் விரல்களில் துள்ளியது. மலைப்பாதையையே வரைந்ததுபோல ஒரு கையெழுத்து. அவர் கடிகாரத்தைப் பார்த்து, பக்கத்தில் எட்டு ஐம்பத்தொன்பது என்று எழுதினார்.

"சேர்ந்துட்டீங்க."

வெளியே மைதானமே முழங்கியது: "வயர் சார்! வயர் சார்!"

வாத்தியார் படியில் தாவினான். "மெக்கானிக்கம்மா! கிடைச்சிடுச்சு!"

ஹேண்டில்பாரில் கவிழ்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தவள் இரண்டு கையையும் வீசினாள்.

"இங்க எங்க வர்றீங்க? உள்ள போங்க வாத்தியாரே, பெல் அடிச்சாச்சு!"