முதல் படகின் சுக்கான்

டெஸ்மண்ட் டிரான்டரை ஏன் பிடிக்கவில்லை என்று யாராவது கேட்டிருந்தால், இத்தெல் பிரீஸ் ஒன்பது காரணம் சொல்லியிருப்பார். ஒன்பதும் பொய். உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான், பொறாமை. அறுபத்தெட்டு வயது மனிதர், பேத்தி எடுத்தவர், ஞாயிறு தவறாமல் சேப்பலுக்குப் போகிறவர். இதை அவர் எப்படி வாய்விட்டுச் சொல்வார்?

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இத்தெல் மண்வெட்டியோடு தன் வேல்ஷ் ஊரின் அபர்நான்ட் கால்வாய்க்குப் போனார். அப்போது அது கால்வாயே இல்லை. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இருநூறு வருடத்துக்கு முன்னால் வயலுக்குச் சுண்ணாம்புக்கல் கொண்டுவர வெட்டிய கால்வாய். கரையோரச் சுண்ணாம்புக் காளவாய்கள் இரவும் பகலும் எரிந்த காலம் உண்டு. பிறகு ரயில் வந்தது. கால்வாயையும் ரயில்காரர்களே வாங்கினார்கள். ஒரு நாள் கரை உடைந்தபோது, நல்லதாகப் போயிற்று என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அதன்பின் ஊர் தன் குப்பையையெல்லாம் அதில் கொட்டியது. இத்தெலும் அவருடைய கூட்டாளிகளும் தூர்வாரியபோது பதினாறு டயர், மூன்று துணி துவைக்கும் இயந்திரம், ஒரு முழு மோரிஸ் கார் வெளியே வந்தன. காருக்குள் பிரம்பு நாற்காலி ஒன்று இருந்தது. அது எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கால்வாய் இறங்குகிற சரிவில் இரண்டு நீர்த்தொட்டிகள் இருந்தன. படகை உள்ளே நிறுத்தி, இருபக்கக் கதவையும் அடைத்து, ஷட்டரைத் திறந்து தண்ணீரை இறக்கினால் படகும் கூடவே இறங்கும். கீழ்க்கதவைத் திறந்துகொண்டு போகவேண்டியதுதான். இடிந்து கிடந்த அந்த இரண்டு தொட்டிகளையும் கல் கல்லாக எடுத்து அடுக்கியவர்களில் முதல் ஆள் இத்தெல். தொழிலில் அவர் தச்சர். கதவுகளுக்கு ஓக் மரத்தைத் தேடிப் பிடித்து, அறுத்து, இழைத்து, பதினான்கு மாதம் அவற்றோடு குடும்பம் நடத்தினார். அவருடைய மனைவி மென்னா அப்படித்தான் சொல்வாள்.

இருபத்திரண்டு வருடம் இப்படிப் போனபின் டெஸ்மண்ட் வந்தார். டட்லி பக்கத்து ஆங்கிலேயர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இருபது வருடமாகப் படகிலேயே குடியிருப்பவர். தண்ணீர் எவ்வளவு தூரம் இருந்ததோ அவ்வளவு தூரம் படகில் வந்து, மிச்சம் ஏழு மைலைச் சைக்கிளில் மிதித்து, ஒரு சனிக்கிழமை வந்து நின்றார். "வேலை இருக்கா?" என்று வேல்ஷ் மொழியில் கேட்டார். கேட்ட விதத்தில் அது 'வேலை' மாதிரியே ஒலிக்கவில்லை. மென்னா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று இத்தெல் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

அதன்பிறகு எங்கே பார்த்தாலும் டெஸ்மண்ட்தான். டெஸ்மண்ட் சுட்ட சாஸேஜ், டெஸ்மண்ட் சொன்ன கதை, மற்ற கால்வாய்களில் டெஸ்மண்ட் பார்த்த தொட்டிகள். "அங்கெல்லாம் இப்படிப் பண்ணுவாங்க தலைவரே" என்று அவர் ஆரம்பித்தாலே இத்தெலுக்குப் பற்றிக்கொண்டு வரும். தலைவரே என்று கூப்பிட்டதில் கேலி இருந்ததா மரியாதை இருந்ததா என்று நான்கு வருடமாக அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து இரண்டும் இல்லை. பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் ஒருவழியாகத் தயாராயின. மே மாதத்தில் திறப்பு விழா. எண்பத்தேழு வருடத்துக்குப் பிறகு முதல் படகு. அதன் சுக்கானை யார் பிடிப்பது என்று கால்வாயை மீட்கும் சங்கத்தில் பேச்சு வந்தது.

"டெஸ்மண்ட் பிடிக்கட்டுமே" என்றான் செயலாளர் டெகிட். முப்பது வயதுப் பையன், பள்ளியில் கணக்கு வாத்தியார். "அவர்தானே படகுக்காரர்."

அறையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். இத்தெல் எழுந்து மேல்கோட்டை எடுத்துக்கொண்டார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?" என்றான் டெகிட்.

"வீட்டுக்கு. கதவு செய்றதுக்குத்தானே நான் வேணும்? அது செஞ்சாச்சு."

டெஸ்மண்ட்தான் பேசினார். "அட, இதுல என்ன இருக்கு! தலைவர்தான் பிடிக்கணும். நான் ஷட்டரைச் சுத்துறேன். ஏன் தலைவரே, படகு ஓட்டியிருக்கீங்கல்ல?"

"ஏன் இல்லாம? லாங்கோலன் கால்வாய்ல எத்தனையோ தடவை" என்றார் இத்தெல்.

லாங்கோலனில் அவர் ஒரே ஒரு தடவைதான் படகு ஏறியிருக்கிறார். குதிரை இழுக்கும் சுற்றுலாப் படகு அது. ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்வாய் தோண்டுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். தண்ணீர் இல்லாத இடத்தில்தானே அவர்களுக்கு வேலை, படகைக் கண்டார்களா? ஆனால் இருபத்தாறு வருடம் கழித்து அதை எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்குப் போகும் வழியில் மென்னா கேட்டாள். "எத்தனையோ தடவையா?"

"சும்மா இரு."

"நான் சும்மாதாங்க இருக்கேன். தண்ணிதான் சும்மா இருக்காது."

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் டெஸ்மண்ட் ஒரு வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு மேல்தொட்டிக்கு வந்தார். மேல்கதவின் அடியில் ஒரு கல்படி ஐந்தடி நீளத்துக்குத் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் இறங்கும் நேரத்தில் படகின் பின்பக்கம் அதற்கு மேலே நின்றுவிட்டால், பின்பக்கம் படியில் உட்கார்ந்துகொள்ளும், முன்பக்கம் மட்டும் இறங்கும். படகு முங்கிவிடும். அதனால் எல்லாக் கால்வாயிலும் படி முடிகிற இடத்துக்கு நேரே கரையில் வெள்ளைக் கோடு போட்டு வைப்பார்கள்.

"அதெல்லாம் இங்க வேணாம்" என்றார் இத்தெல். "இருநூறு வருஷத்துக் கல்லு. விழா அன்னைக்கு அதுல பெயிண்டோட நிக்க முடியாது. அந்தப் படியை வச்சவனே நான்தான், எனக்குத் தெரியாதா அது எங்க இருக்குன்னு?"

டெஸ்மண்ட் டப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க இஷ்டம் தலைவரே" என்று மூடியை அழுத்தி மூடினார். வேறு யார் அந்தக் கோட்டைப் போட வந்திருந்தாலும் இத்தெல் தூரிகையை வாங்கித் தானே போட்டிருப்பார்.

விழா நாளன்று இருநூறு பேர் கரையில் நின்றார்கள். கவுன்சிலர் அம்மாள் ரிப்பனை வெட்டினார். பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள். வாடகைக்கு எடுத்து லாரியில் கொண்டுவந்து இறக்கிய அறுபதடிப் படகின் முன்பக்கத்தில் மென்னா ஒரு தட்டு நிறைய வேல்ஷ் கேக்கோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இத்தெல். முந்தின நாள் ஆளில்லாத நேரம் பார்த்து, தொட்டிக்கு மேல்பக்கக் கால்வாயில் முன்னும் பின்னும் ஓட்டிப் பழகியிருந்தார். நேராகப் போக வந்துவிட்டது. தொட்டிக்குள் நுழைந்தபோது ஒரே ஒரு தடவைதான் சுவரில் இடித்தது. ஜனங்கள் அதற்கும் கை தட்டினார்கள்.

டெகிட் பின்னால் மேல்கதவை அடைத்தான். முன்னால், எழுபதடி தள்ளி, கீழ்க்கதவின் மேல் நின்றுகொண்டு டெஸ்மண்ட் ஷட்டர் சுற்றும் கைப்பிடியை மாட்டினார். "தலைவரே! படி தாண்டியாச்சா?"

இத்தெல் முன்னால் பார்த்தார். படகின் இரும்பு மூக்குக்கும் கீழ்க்கதவுக்கும் நடுவில் எட்டடி இடம் கிடந்தது. எந்தப் படகுக்காரனும் தயங்காமல் முன்னேறி, மூக்கைக் கதவில் மெல்ல முட்டி நிறுத்தியிருப்பான். ஆனால் அது அவர் பதினான்கு மாதம் இழைத்த கதவு. இன்னும் மரவாசம் போகவில்லை. அதில் இரும்பு படுவதை நினைத்தாலே அவருக்குக் கூசியது. படகைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திக்கொண்டார். கல்படியைப் பத்து வருடத்துக்கு முன்னால் காய்ந்த தரையில் முட்டி போட்டு வைத்தவர்தான். தண்ணீருக்கு மேலே நின்றபோது, அது தன் காலுக்கு நேர் கீழே இருக்கிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

தலையாட்டினார்.

டெஸ்மண்ட் சுற்றினார். தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறியது. படகு ஓரடி இறங்கியது, இன்னும் ஓரடி. அப்புறம் காலுக்கு அடியில் ஏதோ நறநறவென்றது. இத்தெல் நின்ற இடம் அசையவில்லை. ஆனால் மென்னா கீழே போய்க்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த தட்டு நழுவி, கேக்குகள் முன்தளத்தில் உருண்டன. கரையில் சிலர் சிரித்தார்கள், விளையாட்டு என்று நினைத்து. இத்தெலுக்குக் கத்த வாய் வரவில்லை. சுக்கானைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

டெஸ்மண்ட் யாருடைய சத்தத்துக்கும் காத்திருக்கவில்லை. ஷட்டரை அப்படியே விழவிட்டு அடைத்தார். கீழ்க்கதவின் மறுபாதிக்குத் தாவி அதன் ஷட்டரையும் விழவிட்டார். மூட்டு வலிக்காரர், அந்த எழுபதடியை ஓடி வந்து, வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற டெகிட்டைத் தள்ளிவிட்டு, மேல் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். தண்ணீர் ஏறியது. பின்பக்கம் மறுபடியும் மிதந்தது. தொட்டி நிறைந்ததும் குனிந்து, இத்தெலுக்கு மட்டும் கேட்கும்படி, "ரெண்டு கஜம் முன்னால போங்க. கதவுல முட்டினாப் பரவாயில்ல" என்றார்.

பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "மன்னிச்சுக்குங்க மக்களே, என் தப்புதான்! வேகமாத் திறந்துட்டேன்!"

ஜனங்கள் "ஓ" என்று ஊளையிட்டார்கள். "பஸ்ஸுன்னு நெனச்சிட்டீங்களா?" என்று ஒருவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். மென்னா சிரிக்கவில்லை. முன்பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு, கேக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

இத்தெலுக்கு இனித்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. நான்கு வருடத்தில் முதல்முறையாக ஊர் டெஸ்மண்டைப் பார்த்துச் சிரித்தது. முதல் படகு அவர் கையில் தண்ணீரோடு இறங்கியது, கீழ்க்கதவு திறந்தது, வெயில் முகத்தில் அடித்தது. கரையோரம் நடந்து வந்தவர்கள் "சபாஷ் இத்தெல், பயப்படாம நின்னீங்களே!" என்றார்கள். அவர் தொப்பியைத் தொட்டு அதையும் வாங்கிக்கொண்டார்.

முந்நூறு கஜம் தள்ளி இரண்டாவது தொட்டி. டெஸ்மண்ட் முன்னாலேயே அங்கே போய் நின்றார். டெகிட் அவர் பின்னாலேயே வந்தான். முகம் சிவந்திருந்தது.

"இதைக் குடுத்துடுங்க" என்று கைப்பிடிக்குக் கையை நீட்டினான். "முன்னால உட்கார்ந்திருந்தது மென்னா அக்கா. போதும் டெஸ்மண்ட். தெரிஞ்சவங்க யாராவது பண்ணட்டும்."

டெஸ்மண்ட் கைப்பிடியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய், கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த நிற்பு இத்தெலுக்குத் தெரியும். வேலை இருக்கிற இடத்தில் வேலையில்லாமல் நிற்கிற நிற்பு. சாஸேஜ் அடுப்பைச் சுற்றிக் கூட்டம் கூடிய ஒவ்வொரு சனிக்கிழமையும் தானும் அப்படித்தான் நின்றிருக்கிறார். அவருக்கு அந்த நிற்பைக் கொடுத்தது டெஸ்மண்ட் இல்லை, அவரேதான். டெஸ்மண்டுக்கு இப்போது அதைக் கொடுத்திருப்பதும் அவர்தான்.

இனிப்பு நாக்கிலேயே கசந்தது.

"டெகிட்! அதை அவர்கிட்ட திருப்பிக் குடு."

"அண்ணே, அவர் வேகமா..."

"அவர் கேட்டாரு, படி தாண்டியாச்சான்னு. நான் தலையாட்டினேன். தாண்டல. எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. லாங்கோலன்ல நான் ஓட்டினதே இல்ல, பொய் சொன்னேன். அவர் இல்லன்னா என் பொண்டாட்டி இந்நேரம் தண்ணிக்குள்ள." முதலில் வேல்ஷில் சொன்னார். புரியாதவர்கள் யாரும் மிச்சமிருக்கக் கூடாது என்று ஆங்கிலத்திலும் ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

யாரும் கை தட்டவில்லை. கவுன்சிலர் அம்மாள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக இத்தெல் இந்த நாளை எத்தனையோ விதமாகக் கற்பனை பண்ணியிருந்தார், ஒன்றில்கூடப் பாதி வழியில் படகை விட்டு இறங்கியதில்லை. இறங்கினார்.

"ஏறுங்க" என்றார் டெஸ்மண்டிடம்.

"வேணாம் தலைவரே, இது உங்க..."

"ஏறுய்யா! அவ உள்ள உக்காந்திருக்கா."

முன்பக்கத்திலிருந்து மென்னா, "வந்து தொலைங்க யாராவது, கேக் ஆறுது!" என்று கத்தினாள். அது சுட்டது முந்தாநாள்.

டெஸ்மண்ட் ஏறினார். அறுபதடிப் படகை இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு பக்கமும் உரசாமல், கடிதத்தை உறையில் போடுவது போல உள்ளே விட்டார். பார்த்துக்கொண்டிருந்த இத்தெலுக்கு வயிறு எரிந்தது. பொய் சொன்னதை ஒப்புக்கொண்டால் பொறாமையும் கூடவே போய்விடும் என்று நினைத்திருந்தார் போல. போகவில்லை, அப்படியே இருந்தது. மென்னா பின்னால் திரும்பி டெஸ்மண்டிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததும் இன்னும் கொஞ்சம் ஏறியது.

இத்தெல் டெகிட்டிடமிருந்து கைப்பிடியை வாங்கி மாட்டி, "தாண்டியாச்சா?" என்று கேட்டார்.

"தாண்டியாச்சு தலைவரே."

இருந்தாலும் நடந்து போய்க் குனிந்து தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தார். அப்புறம்தான், அரைச் சுற்று அரைச் சுற்றாக, ஷட்டரைத் திறந்தார்.